துறைக்கு வர முன்பே முடிய வேண்டிய வேலை

வள்ளம் ஓட்டப் பழக்கிவிட எங்கள் பக்கம் ஆளுக்குக் குறைவில்லை. வலை பாய்ச்ச, காற்றுப் பார்க்க, எஞ்சினைக் கழற்றிப் பூட்டக்கூடச் சொல்லித் தருவார்கள். வள்ளத்தைத் துறையில் இறக்குகிற, திரும்ப ஏற்றுகிற வேலையை மட்டும் யாரும் ஒரு வேலையாக எடுத்துச் சொல்வதில்லை. "அதில என்ன கிடக்கு, தள்ளினாப் போகும்தானே" என்று முடித்துவிடுவார்கள். ஆனால் நான் கண்ட அளவில் விரல் நசுங்கியது, அச்சு முறிந்தது, சொந்தக்காரர் முகம் பார்க்காமல் போனது எல்லாம் தரைக்கும் தண்ணீருக்கும் இடையிலுள்ள அந்த முப்பது அடிக்குள்தான் நடந்திருக்கிறது.

நான் இருப்பது முல்லைத்தீவுக் கரையில். எங்களுடையது 18 அடி ஃபைபர் வள்ளம், 15 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சின். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற வைகாசி தொடக்கம் புரட்டாதி மட்டும் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். அப்போது கடற்கரை மணலிலிருந்தே இறக்குவோம். ஐப்பசி கடந்து வாடை தொடங்கினால் வெளிக்கடல் சரிவராது. வள்ளத்தை வண்டிலில் ஏற்றிக்கொண்டு அளம்பில், செம்மலை தாண்டிக் களப்பு என்கிற கடலோர ஏரிப் பக்கம் போய்விடுவோம். அங்கே பெரிய பாதையிலிருந்து திரும்புகிற கிரவல் ஒழுங்கையின் முடிவில் எல்லாருக்கும் பொதுவான துறை ஒன்று இருக்கிறது. சரிவாகப் போட்ட கொங்கிறீற் தளம். ஒரு நேரத்தில் ஒரு வள்ளம்தான் இறங்கும். இதைவிட மன்னார்ப் பக்கம், அருவியாற்றின் கழிமுகத்துக்குக் கிட்ட மனைவியின் தமையன் இருக்கிறார். அவருடைய வள்ளத்தோடும் இறங்கியிருக்கிறேன். களப்பில் பழகினதை வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கலாம் என்று நினைக்கக்கூடாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் துறைக்கு மேலே இருக்கிற மரத்தடி. எங்கள் துறையில் அது ஒரு பூவரசு. தளத்தில் செய்கிற வேலை ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்றால், மற்றதெல்லாம் இந்த மரத்தடியில் முடிந்திருக்க வேண்டும். வலையைச் சீராக மடித்து வைப்பது, எண்ணெய்க் கான், துடுப்பு, மரக்கோல், நங்கூரம், தண்ணீர்ப் போத்தல், உயிர்காப்பு அங்கி எல்லாம் வள்ளத்துக்குள் போவது, பயணத்துக்குக் கட்டின கயிறுகளில் அணியத்துக் கயிற்றை, அதாவது முன்பக்கக் கயிற்றைத் தவிர மற்றதை அவிழ்ப்பது, எல்லாம் இங்கேதான். எஞ்சினைப் பூட்டி, தண்ணீரைத் தள்ளுகிற அதன் காற்றாடி தரையில் தட்டாதபடி தூக்கி நிறுத்துவதும் இங்கே. இந்த அளவு எஞ்சின் 40 கிலோவுக்குக் கிட்ட வரும். அதை இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆடுகிற வள்ளத்தில் பூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கை தவறினால் எஞ்சின் போய்விடும். தவறாவிட்டாலும் பின்னால் நிற்கிற நாலு வள்ளக்காரருக்குப் பொறுமை போய்விடும்.

அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைக்கு அடைப்பான் போட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் மரத்தடி வேலை. அதைக் கண்ணால் பார்த்தால் போதாது, கையால் இறுக்கிப் பார்க்க வேண்டும். மாரியில் இரவு மழை பெய்திருந்தால் அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை முழுக்க வடிய விட்டபிறகுதான் பூட்ட வேண்டும். ஒரு அங்குலத் தண்ணீர் என்று சும்மா விடுவார்கள். இந்த நீள வள்ளத்தில் அது நூறு கிலோவைத் தாண்டும். சரிவில் அது முழுக்கப் பின்பக்கம் ஓடிவந்து சேர, வண்டிலின் முன்பக்கம் தூக்கும். வண்டிலைப் பிடித்திருக்கிற ஆளும் சேர்ந்து தூக்கப்படுவார்.

வண்டில் என்று நான் சொல்வது பழைய வாகன அச்சொன்றில் வெல்டிங் கடையில் செய்வித்த தாழ்வான இரண்டு சில்லுச் சட்டம். உழவு இயந்திரப் பெட்டியில் வள்ளத்தைக் கொண்டுவந்தால் இறக்க எட்டுப் பேர் வேண்டும். இதில் இரண்டு பேர் போதும். ஆனால் இதற்கு ஒரு பராமரிப்பு உண்டு. அளம்பில் பக்கமிருந்து வெயிலில் ஓடி வந்த சில்லின் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்த்தால் சுடும். அந்தச் சூட்டோடு தண்ணீருக்குள் விட்டால் உள்ளே இருக்கிற காற்றுச் சுருங்கி உப்புத்தண்ணீரை உள்ளே இழுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாளில் பெயாரிங் கரகரவென்று கத்தத் தொடங்கும். ஆகவே மரத்தடியில் நிற்கிற நேரம் சில்லு ஆறுகிற நேரமும்தான். வீட்டுக்கு வந்ததும் கிணற்றுத் தண்ணீரால் கழுவி, மாதத்துக்கு ஒரு தடவையாவது கிறீஸ் அடிக்க வேண்டும். இன்னும் நல்லது, சில்லின் நடு நனையாத ஆழத்திலேயே வள்ளத்தை மிதக்க வைக்கப் பார்ப்பது. எங்கள் துறையில் மாரிக்காலத்தில் அது முடியும்.

அடுத்தது சரிவு. எங்கள் பக்கம் அனேகமாக லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில்தான் இழுப்பார்கள். வயலுக்கு வேண்டியது, வீட்டில் நிற்கிறது, எண்ணெய் குறைவாகக் குடிக்கிறது. ஆனால் சரிவில் அது வேறு குணம் காட்டும். சமதரையில் இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பும். பாரம் தள்ளிக்கொண்டு இறங்கும்போது எஞ்சின் இழுப்பதில்லை, மறித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்போது இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் அந்தப் பக்கச் சில்லுக்கு மறிப்பு விட்டுப்போய் அது வேகமாக ஓடும், வண்டி வலப்பக்கம் திரும்பும். வயல் வரம்பில் இறக்குகிற ஆட்களுக்கு இது தெரியும். ஆனால் பின்பக்கமாக, வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு, பாசி பிடித்த கொங்கிறீற்றில் இறங்குகிற நேரத்தில் மூளை அதைக் கணக்குப் பார்க்காது. பழகின கைதான் வேலை செய்யும், பழகின கை அங்கே பிழையான பக்கம் திருப்பும்.

இதற்கு மாமா சொல்லித்தந்த வழிதான் இப்போதும் செய்கிறேன். லான்ட்மாஸ்டரைச் சரிவுக்கே கொண்டுபோவதில்லை. மேலே சமதரையில் வண்டிலைக் கழற்றி, முதலில் இரண்டு சில்லுக்கும் கட்டை வைத்துவிட்டு, வண்டிலின் முன்பக்கத்தில் தடித்த கயிறு கட்டி அதைப் பூவரசில் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். ஒருவர் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட, மற்றவர் வண்டிலின் முன்பக்கத்தைப் பிடித்துத் திசை காட்டினால் போதும். மரத்தில் உரசுகிற கயிறே பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கும். "கயித்தைக் கையில சுத்தாத, மரத்தில சுத்து" என்பார் மாமா. கையில் சுற்றின கயிறு இறுகினால் விட முடியாது. விரல் போன ஆட்கள் எங்கள் கரையில் இருக்கிறார்கள். நைலோன் கயிறு வழுக்கி ஓடினால் உள்ளங்கைத் தோலையும் உரித்துவிடும், ஆகவே பழைய சாரத்துண்டு ஒன்றைக் கையில் மடித்துப் பிடிப்பது நல்லது. மரம் இல்லாத துறையில் இறுக்கமாக நட்ட பனங்குற்றி போதும்.

உழவு இயந்திரம் நாலு சில்லுக்காரன் என்றால் பின்பக்கமாக இறக்கலாம். ஆனால் தண்ணீர் விளிம்பிலிருந்து மேலே உள்ள ஈரப்பகுதி மிக மோசம். தண்ணீர் ஏறி இறங்குகிற அந்தப் பட்டையில்தான் பச்சைப் பாசி படிகிறது. இழுவை வாகனத்தின் சில்லு எப்போதும் உலர்ந்த கொங்கிறீற்றில் நிற்க வேண்டும். அதற்கு வண்டிலின் பிடி நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் கயிறு கொடுத்து இழுக்க வேண்டும். சில்லு வழுக்கினால் இன்னும் எண்ணெய் கொடுத்து முறுக்குவதில் பிரயோசனமில்லை. பழைய கிடுகு, பச்சைப் பனையோலை, கிழிந்த வலை எது கிடைத்தாலும் சில்லின் முன்னால் போடுங்கள். மணலில் புதைந்தாலும் இதே வைத்தியம்தான். எங்கள் துறைக்கு வருகிற ஒரு அண்ணை இரண்டு கிடுகு இல்லாமல் வீட்டிலிருந்து வெளிக்கிடமாட்டார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பிறகு அவரிடமே வந்து கேட்பார்கள்.

பாசியைச் சுரண்டுவது யாருடைய வேலை என்பது முடியாத வழக்கு. எல்லாரும் பாவிக்கிற துறை என்றால் ஒருவரும் சுரண்டாத துறை என்று அர்த்தம். மண்வெட்டியால் சுரண்டி மணல் தூவினால் கொஞ்ச நாளைக்குத் தாங்கும். நாங்கள் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் சொல்லி அலுத்துப்போய், தைப்பூசத்துக்கு முன்னும் பங்குனியிலும் கூடிச் செய்கிறோம்.

இனித் தளம் முடிகிற இடம். இதைத்தான் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ளாமல் இறங்குகிறார்கள். எங்கள் கரையில் வற்றுப்பெருக்கு இரண்டு அடி அளவுதான், களப்புக்குள் அதுவும் குறைவு. ஆகவே காலை மாலை என்று பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் பருவத்தில் வருகிறது. மாரியில் ஆறுகள் எல்லாம் களப்புக்குள் கொட்ட, முகத்துவாரத்து மணல்திட்டு மறித்து நிற்க, தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். தளத்தின் பாதிவரை மூடும், வள்ளம் தானாக மிதக்கும். பிறகு முகத்துவாரம் உடைக்கும், அல்லது வயல் மூழ்குகிறது என்று வெட்டிவிடுவார்கள். ஒரு இரவுக்குள் தண்ணீர் கடலுக்கு ஓடிவிடும். முதல் நாள் மிதந்த இடத்தில் மறுநாள் சேறு. கோடையில் இன்னும் மோசம். தளத்தின் கடைசி விளிம்பு வெளியே தெரியும், அதற்கு அப்பால் ஒரு முழப் பள்ளம்.

அந்தப் பள்ளம் தானாக வருவதில்லை. வள்ளத்தை ஏற்றும்போது எஞ்சினை முறுக்கி, வண்டிலின் மேல் ஓடியே ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஒரு துளி நனையாமல் ஏறிவிடுவார்கள். காற்றாடி பின்னால் தள்ளுகிற தண்ணீர் தளத்தின் நுனிக்கு அடியில் இருக்கிற மண்ணைத் தோண்டி எடுத்து, பத்துப் பதினைந்து அடி தள்ளி ஒரு திட்டாகக் கொட்டும். தளத்தின் நுனி அந்தரத்தில் நின்று ஒருநாள் வெடிக்கும். வண்டில் சில்லு விளிம்பைத் தாண்டி விழுந்தால் அச்சு கொங்கிறீற்றில் மாட்டிக்கொள்ளும், வள்ளம் பாரத்தோடு இருந்தால் மேலே இழுக்க ஏலாது. வெளியே போகிற வள்ளத்தின் காற்றாடி அந்தத் திட்டில் அடிபடும். ஒருவர் செய்கிற சுகம் இரண்டு இடத்தில் மற்றவர்களுக்கு நட்டமாகிறது. இந்தப் பழக்கத்தை விட்டுவிட்டால் துறைகளின் ஆயுள் கூடும் என்பது என் எண்ணம்.

ஆகவே இறக்குவதற்கு முன் மரக்கோலை எடுத்துக்கொண்டு ஒருவர் நடந்து பார்க்க வேண்டும். கொங்கிறீற்றில் தட்டினால் சத்தம் வேறு, மண்ணில் குத்தினால் வேறு. தளம் முடிகிற இடத்துக்கு நேரே, கரையோரமாக ஒரு தடியை நட்டு மேலே சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். எங்கள் துறையில் அப்படி ஒன்று நிற்கிறது. அவ்வப்போது யாரோ பிடுங்கிப் போவார்கள், திரும்ப நடுவோம். பழைய ஆட்களிடம் கேட்பதும் முழுத் தீர்வில்லை. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ப் பக்கத்துச் சனம் 1984 மார்கழியில் ஊரைவிட்டு வெளிக்கிட்டு, போர் முடிந்த பிறகுதான் திரும்பியது. களப்பின் அடியை உள்ளங்கை மாதிரி அறிந்திருந்த பெரியவர்கள் வந்து பார்த்தபோது திட்டுகளும் ஓடைகளும் இடம் மாறியிருந்தன. அவர்களே மரக்கோலால் குத்திக் குத்தித் திரும்பப் படித்தார்கள்.

தளம் எட்டாத மாதங்களில் உருளைக்கட்டைதான். மூன்று கட்டை போதும், பின்னால் வருவதை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போகலாம். கட்டை மாற்றுகிறவர் வள்ளத்துக்கு நேர் முன்னால் நிற்கக்கூடாது, பக்கத்தில் நின்று தள்ளிப் போட வேண்டும். சின்னப் பெடியங்களை இந்த வேலைக்கு விடுவது எங்கள் ஊர் வழக்கம், எனக்கு அது பிடிப்பதில்லை.

இப்போது ஆறு. அருவியாறு 164 கிலோமீற்றர் நீளம், இலங்கையில் மகாவலிக்கு அடுத்தது. அனுராதபுரம் தாண்டி வந்து, தேக்கம் அணையில் கட்டுக்கரைக் குளத்துக்கும் அகத்திமுறிப்புக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு மன்னார்க் கடலில் சேர்கிறது. அங்கே வானத்தைப் பார்த்து நாள் குறிக்க முடியாது. மன்னாரில் நல்ல வெயில் அடிக்கும், மேலே அனுராதபுரத்தில் பெய்த மழை ஒன்றிரண்டு நாள் கழித்து வந்து சேரும். தண்ணீர் மண்ணிறமாகி, குப்பையும் மரக்கிளையும் மிதந்து வரத் தொடங்கினால் ஏறுகிறது என்று அர்த்தம். "தந்திரிமலையில தண்ணி எவ்வளவாம் எண்டு கேட்டுப்போட்டு வா" என்பதுதான் மச்சானின் முதல் கதை. நீர்ப்பாசனத் திணைக்களம் ஆற்றின் மேல்பக்கத்திலுள்ள அந்த ஊரில் மட்டம் அளந்து வெள்ள அறிவித்தல் கொடுக்கிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு எடுத்தும் கேட்கலாம். 2025 கார்த்திகைக் கடைசியில் டிட்வா புயலோடு அந்த ஆறு ஏறினதைக் கண்டவர்களுக்கு இதைப் புத்தியாகச் சொல்லத் தேவையில்லை.

ஓடுகிற தண்ணீரில் வள்ளம் மிதந்த அந்தக் கணமே பின்பக்கத்தை நீரோட்டம் கீழ்ப்பக்கம் திருப்பும். களப்பில் அணியத்துக் கயிறு ஒன்று போதும், ஆற்றில் பின்பக்கத்துக்கும் ஒன்று வேண்டும். இரண்டு கயிற்றையும் பிடிக்கிறவர்கள் நீர் வருகிற மேல்பக்கம்தான் நிற்க வேண்டும். கீழ்ப்பக்கம் நின்று கையால் மறித்துப் பிடிக்கலாம் என்று எந்தப் பலசாலியும் நினைக்கக்கூடாது. வள்ளத்துக்கும் வண்டிலுக்கும் நடுவில், அல்லது வள்ளத்துக்கும் கரைக்கும் நடுவில் அகப்பட்டால் ஓட்டம் விட்டுத்தராது. திரும்பி வரும்போது துறைக்குக் கீழேயிருந்து, ஓட்டத்துக்கு எதிராக மேலே ஏறி வர வேண்டும். அப்போது எஞ்சினைக் குறைத்தால் வள்ளம் நின்ற இடத்திலேயே நிற்கும், ஆறுதலாகக் கயிறு எறியலாம். ஓட்டத்தோடு சேர்ந்து வந்தால் துறை கடந்துபோய்விடும்.

முதலை விஷயத்தில் பயப்படத் தேவையில்லை, ஆனால் மறக்கக்கூடாது. எங்கள் குளங்களிலும் ஆறுகளிலும் அது இருக்கிறது. துறையில் மீன் வெட்டிக் குடலைத் தண்ணீரில் எறிவதுதான் அதைக் கூப்பிடுகிற வழி. பொழுதுபட்ட பிறகு இடுப்பளவு தண்ணீரில் நின்று வள்ளம் கழுவுவதை நிறுத்திவிட்டோம். களப்பில் திருக்கை உண்டு, காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால் அது விலகிப்போகும்.

சண்டைகள் பெரும்பாலும் விடியற்காலையில் வரும். வள்ளங்கள் கரைக்கு வருகிற நேரம், வியாபாரிகளின் பட்டா என்கிற சின்ன லொறிகள் ஐஸ் பெட்டியோடு தளத்தின் வாய்வரை வந்து நிற்கும். மோட்டார் சைக்கிள்கள் திரும்புகிற இடத்தில் நிற்கும். யாராவது தளத்திலேயே வலையை விரித்து மீன் தட்டத் தொடங்குவார்கள். கத்திப் பேசினால் ஒன்றும் நடக்காது. நாங்கள் சங்கத்தில் மூன்று விஷயம் மட்டும் பேசி முடித்தோம். பட்டா மரத்துக்கு இப்பால் வரக்கூடாது. வலை தட்டுவது மணலில்தான். வெளியே போகிறவரைவிட மீனோடு வருகிறவருக்கு முன்னிடம், ஏனென்றால் மீன் பழுதாகும். வேறு ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இது தெரியாது, ஆகவே அவர்கள் மரத்தடியில் நிற்கும்போதே போய்ச் சொல்லிவிடுகிறோம். "அண்ணை, இஞ்ச கொஞ்சம் பொறுங்கோ, ரெண்டு வள்ளம் வருது" என்றால் யாரும் முறைப்பதில்லை. தளத்தில் இறங்கின பிறகு சொன்னால் முறைப்பார்கள்.

மண்ணெண்ணெய் எஞ்சின்காரர்களுக்கு ஒன்று. இது பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறுகிற சாதனம். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனதோடு எல்லாரும் துளிக்கணக்கு பார்க்கத் தொடங்கிவிட்டோம். பெற்றோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று கரைக்கு வரும்போது திரும்பப் பெற்றோலுக்கு மாற்றாமல் அப்படியே நிறுத்துகிறவர்கள் உண்டு. காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் தங்கினால் மறுநாள் காலை குளிரில் பற்றாது. தளத்தின் நடுவில் நின்று கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழலும், பின்னால் வரிசை நிற்கும். துறை கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே பெற்றோலுக்கு மாற்றிவிடுங்கள். தரையில் வைத்துத் தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். தண்ணீர் இழுக்கிற இறப்பர்ச் சில்லு கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். தண்ணீரில் பற்றவைத்ததும் பக்கத்தால் பீச்சுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கயிற்றை விட வேண்டும். பீச்சாவிட்டால் அனேகமாகச் சேறுதான் அடைத்திருக்கும், மெல்லிய கம்பியால் குத்தினால் சரி.

தளத்தை இன்னும் நீட்டித் தரும்படி சங்கத்தால் கடிதம் கொடுத்திருக்கிறோம். முதல் தடவை கட்டினவர்கள் மார்கழியில் வந்து, தண்ணீர் நிறைந்திருந்த மட்டத்தைப் பார்த்து அளந்துவிட்டுப் போனார்கள். இந்தமுறை ஆடி, ஆவணியில், வற்றிக் கிடக்கும்போது வரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.